முதலில் ஊகம், பிறகு கணக்கு: கட்டடக்கலை மாணவர்களுக்குக் கட்டமைப்பு கற்பிக்க வருகிறவருக்கு

கட்டமைப்புப் பொறியாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப் போனவன் நான். முதல் பருவத்தின் நடுவில் ஒரு மாணவி தன் வரைபடத்தோடு வந்தார். நடுவில் தூணே இல்லாத, 9 மீட்டர் அகலமுள்ள கூடம். "சார், இந்த உத்திரம் எவ்வளவு ஆழம் வரும்?" என்று கேட்டார். "சுமை தெரிய வேண்டும், இரு முனைகளும் எப்படித் தாங்கப்படுகின்றன என்று தெரிய வேண்டும், கான்கிரீட்டின் தரம் தெரிய வேண்டும். அடுத்த வாரம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தபோது வெட்டுத்தோற்றத்தில் 30 செ.மீ. உத்திரம் வரைந்திருந்தார். மாடி உயரம், படிகளின் எண்ணிக்கை, ஜன்னலின் மேல்மட்டம் எல்லாம் அந்த 30 செ.மீட்டரை நம்பி முடிந்துபோயிருந்தன.

"ஏறத்தாழ 75 செ.மீ." என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஐந்து விநாடி வேலை. எனக்கு அது தெரியாமலில்லை. கணக்கில்லாமல் எண்ணைச் சொல்வது தொழில்தர்மத்துக்கு விரோதம் என்று நினைத்தேன். அந்தத் தயக்கத்தைத்தான் நீங்கள் முதலில் கழற்றி வைக்க வேண்டும். கட்டடக் கலைஞர் பென்சிலை எடுத்த முதல் நாளிலேயே தூண்கள் எங்கே, இடைத்தூரம் எவ்வளவு, கூரை என்ன வடிவம் என்று முடிவு செய்துவிடுகிறார். பொறியாளர் வருவதற்குள் பெரிய முடிவுகளெல்லாம் முடிந்திருக்கும். ஆகவே அவருக்கு முதலில் தேவைப்படுவது நல்ல ஊகம். கணக்கு அந்த ஊகத்தைச் சோதிப்பதற்கு.

இந்தக் கட்டுரை, பொறியியல் படித்துவிட்டு முதல்முறையாகக் கட்டடக்கலை வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்கானது. ஒரு பருவத்தை எப்படி நகர்த்தலாம் என்று நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்

உங்கள் கையில் தரப்படும் பாடத்திட்டம் பெரும்பாலும் பொறியியல் பாடத்திட்டத்தின் மெலிந்த நகலாக இருக்கும். அதே தலைப்புகள், பாதி நேரம். அதை அப்படியே நடத்தினால் மாணவர்களுக்குப் பொறியியலும் வராது, கட்டமைப்பு உணர்வும் வராது.

இந்த மாணவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கம்பி விவரப் பட்டியல் தயாரிக்கப் போவதில்லை. அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் 1930இல் வெளியிட்ட திருப்புத்திறன் (சுமை உத்திரத்தை வளைக்க முயலும் அளவு) பகிர்வு முறை அழகான முறைதான். கணினி இல்லாத காலத்தில் எத்தனையோ கட்டடங்களை அது நிறுத்தியது. ஆனால் அதை மூன்று வாரம் நடத்துவதைவிட, தொடர் உத்திரம் ஒன்று சுமையில் எப்படி அலைபோல வளையும் என்று கையால் வரையக் கற்றுக்கொடுப்பது இவர்களுக்கு நூறு மடங்கு பயன்படும். தேர்வு விதி கட்டாயப்படுத்தினால் அத்தகைய முறைகளைப் பருவத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். உணர்வு வந்த பிறகு அவை வேகமாக ஏறுகின்றன.

நான் விடாமல் வைத்துக்கொண்டவை: சுமை போகும் வழி, ஆழமும் இடைத்தூரமும், வடிவம் எப்படி விசையைத் தாங்குகிறது, பக்கவாட்டில் நிலைத்து நிற்பது, இணைப்பு. இவற்றோடு, பொறியாளரிடம் சண்டையில்லாமல் பேசத் தேவையான சொற்கள்.

முதல் வகுப்பில் உடம்பே கருவி

கரும்பலகையைத் தொடாதீர்கள். இரண்டு நாற்காலி, இரண்டு மரக்குச்சி, கொஞ்சம் கயிறு, புத்தகம் நிரப்பிய பை ஒன்றிரண்டு போதும்.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அதன் பொறியாளர்களில் ஒருவரான பெஞ்சமின் பேக்கர் 1887இல் பொதுமக்களுக்கு அதை விளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளைப் பக்கவாட்டில் நீட்டுகிறார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு குச்சி; அதன் கீழ்முனை நாற்காலியில் ஊன்றியிருக்கிறது. உள்பக்கக் கைகளுக்கு நடுவே ஒரு பலகை தொங்குகிறது. அதில் மூன்றாமவர் உட்காருகிறார். வெளிப்பக்கக் கைகளைக் கீழே செங்கல் சுமைகள் கட்டி இழுத்துப் பிடிக்கின்றன. நடுவில் உட்கார்ந்தவர் ஜப்பானியப் பொறியாளர் கைச்சி வட்டானபே. புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. பாலம் 1890இல் திறக்கப்பட்டது. அதன் இரண்டு பெரிய இடைத்தூரங்களும் ஒவ்வொன்றும் 521 மீட்டர்.

வகுப்பில் நடுவில் ஆளை உட்கார வைக்க வேண்டாம். புத்தகப் பை போதும். பையைத் தொங்கவிட்டதும் நாற்காலியில் இருப்பவரிடம் கேளுங்கள்: "கை என்ன சொல்கிறது? குச்சி என்ன சொல்கிறது?" கை இழுபடுகிறது என்பார், குச்சி நாற்காலியை அழுத்துகிறது என்பார். வெளிப்பக்க எடையைத் திடீரென்று எடுக்கச் சொல்லுங்கள். அவர் உள்பக்கம் சாய்ந்து கத்துவார். நங்கூரம் என்றால் என்ன என்று இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து இருவரை எதிரெதிரே நிற்க வைத்து, உள்ளங்கைகளைச் சேர்த்து, கால்களைப் பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். ஓர் அளவுக்கு மேல் கால் வழுக்கும். வழுக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேளுங்கள். ஒருவர் தன் காலை வைத்து முட்டுக் கொடுப்பார். இன்னொருவர் இருவர் கணுக்கால்களையும் கயிற்றால் இணைக்கலாம் என்பார். முன்னது தேவாலயங்களின் வெளி முட்டுச்சுவர்; பின்னது வளைவின் அடியில் ஓடும் இழுகம்பி. பெயரைப் பிறகு சொல்லுங்கள். அனுபவம் முதலில் வந்தால் பெயர் ஒட்டிக்கொள்ளும். பெயர் முதலில் வந்தால் தேர்வோடு உதிர்ந்துவிடும்.

ஓர் அளவுகோலில் பாதிப் பாடம் இருக்கிறது

ஒவ்வொரு மாணவர் பையிலும் 30 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோல் இருக்கும். அதை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே படுக்கையாக வைத்து விரலால் அழுத்தச் சொல்லுங்கள், நன்றாகத் தொய்யும். பிறகு செங்குத்தாக, விளிம்பில் நிறுத்தி அழுத்தச் சொல்லுங்கள், அசையாது. அதே பொருள், அதே எடை. எத்தனை மடங்கு விறைப்பு கூடியது? ஊகத்தைத் தாளில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் விடையைச் சொல்ல வேண்டும். ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று எழுதுவார்கள். அளவுகோலின் அகலம் 30 மி.மீ., தடிமன் 3 மி.மீ. என்றால் விடை 100 மடங்கு. அகலத்தைத் தடிமனால் வகுத்து, வர்க்கப்படுத்தினால் கிடைக்கிறது. வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். ஆழம் கூடினால் விறைப்பு அதன் மும்மடியாகக் கூடும் என்பதை அந்தச் சலசலப்பின்போது சொல்லுங்கள்.

அதே அளவுகோலை எடை காட்டும் தராசின்மேல் செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தட்டும். ஏதோ ஓர் எடையில் அது சட்டென்று பக்கவாட்டில் நெளியும். நொறுங்கவில்லை, ஒடியவில்லை, நெளிந்துவிட்டது. மெல்லிய தூண்களின் சாவு இதுதான். இப்போது இன்னொருவர் அளவுகோலின் நடுவை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளட்டும். தராசு காட்டும் எடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். விரல்பிடி அத்தனை உறுதியல்ல என்பதால் துல்லியமாக நான்கு வராது. அதைப் பற்றிப் பேசுவதும் பாடம்தான். நீளம் பாதியானால் நெளியும் சுமை நான்கு மடங்கு என்ற விதியைக் கணித மேதை ஆய்லர் எழுதியது 1744இல். அந்த விரல்களுக்குப் பெரிய விசை எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். கட்டடத்தில் தூணை நடுவில் பிடித்துக்கொள்ளும் மெல்லிய குறுக்குச் சட்டங்கள் அந்த விரல்கள்தாம். கட்டடக் கலைஞர் "இது எதற்கு, பார்வையை மறைக்கிறது" என்று முதலில் நீக்கச் சொல்வதும் அவற்றைத்தான்.

இந்த இடத்தில் கலிலியோவைப் பற்றிச் சொல்வேன். சுவரிலிருந்து நீண்டு நிற்கும் உத்திரம் எவ்வளவு தாங்கும் என்று 1638இல் அவர் எழுதினார். குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபடுகிறது என்று எடுத்துக்கொண்டதால், அவர் முறைப்படி வரும் வலிமை சரியான விடையைப் போல மூன்று மடங்கு. ஆனால் அகலத்தோடு நேராகவும் ஆழத்தின் வர்க்கத்தோடும் வலிமை கூடும் என்ற விகிதத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். எண் தவறு, விகிதம் சரி. கணக்கைக் கண்டு பயப்படும் மாணவருக்கு இதைவிட ஆறுதலான கதை எனக்குத் தெரியாது.

சுமை போகும் வழியை அவர்கள் வரைபடத்திலேயே வரையுங்கள்

மூன்றாவது வாரத்தில் மாணவர்கள் தங்கள் சொந்த வடிவமைப்பைக் கொண்டுவரட்டும். பாடப்புத்தகத்துப் படம் வேண்டாம். சிவப்புப் பென்சில் கொடுத்து, கூரையில் ஒரு புள்ளியைத் தொட்டு, "இங்கே ஒரு மூட்டை வைக்கிறேன், அது மண்ணுக்குப் போகும் வழியைக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். தளத்திலிருந்து உத்திரம், உத்திரத்திலிருந்து தூண், தூணிலிருந்து அடித்தளம். பாதிப் பேரின் கோடு எங்கோ அந்தரத்தில் நிற்கும். மேல்மாடித் தூணுக்கு நேர் கீழே கூடத்தின் நடு இருக்கும். அதைத் தவறு என்று அடிக்காதீர்கள், "சரி, இந்தச் சுமையைப் பக்கத்துக்கு யார் சுமந்து போகிறார்? அவர் எவ்வளவு பருமன்?" என்று கேளுங்கள். மாணவரே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தூணை நகர்த்துவார், அல்லது பெரிய உத்திரம் ஒன்றை வரைவார். இரண்டும் நல்ல விடைகள்.

வழி தெரிந்ததும் எண் வரட்டும். மனப்பாடமாக இருக்க வேண்டியவை சிலவே. கம்பி சேர்த்த கான்கிரீட் கனமீட்டருக்கு 25 கிலோ நியூட்டன், எஃகு 78.5; தண்ணீர் ஏறத்தாழ 10. ஒரு கிலோ நியூட்டன் என்றால் சுமார் 100 கிலோ எடை என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்த அலகு அவர்கள் மனத்தில் உருவமே பெறாது.

15 செ.மீ. கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 3.75. தரைப்பூச்சும் மேற்பூச்சும் சேர்த்து 5 என்று வைத்துக்கொள்ளலாம். மக்கள் கூடும் கூடத்துக்கு அவர்கள் எடையாக 4. விதிகள் நாட்டுக்கு நாடு சற்று மாறும். ஊகத்துக்கு இது போதும். உத்திரத்தின் சொந்த எடைக்கு 1. ஆக மொத்தம் 10. ஒரு சதுர மீட்டர் தரை ஒரு டன். இந்த எண்ணைக் கேட்டதும் மாணவர்கள் தங்கள் காலடியைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் அதைச் சொல்கிறேன்.

தூணுக்கும் இப்படித்தான். 6 மீட்டருக்கு 6 மீட்டர் என்று தூண்கள் நிற்கும் குடியிருப்பில், உள்தூண் ஒன்று மாடிக்கு 36 சதுர மீட்டரைச் சுமக்கிறது. மூலைத்தூண் வெறும் 9. தடுப்புச் சுவர், உத்திரம், தூண் எல்லாவற்றையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 கிலோ நியூட்டன் என்று எடுத்தால், ஐந்து தளத்துக்கு உள்தூணின் அடியில் 2160 கிலோ நியூட்டன். கான்கிரீட் தூண் சதுர மில்லிமீட்டருக்கு 8 நியூட்டன் நிம்மதியாகத் தாங்கும் என்று வைத்தால் 2,70,000 சதுர மி.மீ. வேண்டும்; அதாவது பக்கத்துக்கு 52 செ.மீ. உள்ள சதுரம். மாணவர்கள் வரைந்திருப்பது வழக்கமாக இதில் பாதி.

ஆழத்தின் சூத்திரமும் அதைச் சோதிப்பதும்

இதுதான் பருவத்தின் நடுநாயகம். இதற்கு மூன்று வாரமாவது கொடுங்கள். தொடக்க ஊகத்துக்குச் சில பின்னங்கள் போதும். சாதாரணக் கான்கிரீட் உத்திரத்தின் ஆழம் இடைத்தூரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பல தூண்களின்மேல் தொடர்ந்து ஓடினால் பதினைந்தில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். ஒரு முனையில் மட்டும் பிடித்த, நீட்டி நிற்கும் உத்திரத்துக்கு ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கு. ஒருதிசைத் தளத்துக்கு இருபத்தெட்டில் ஒரு பங்கு. ஐ வடிவ எஃகு உத்திரத்துக்கு இருபதில் ஒரு பங்கு. மரத்துக்கு ஏறத்தாழ பதினைந்தில். எஃகு டிரஸ்சுக்கு (சட்டங்களை முக்கோணங்களாக இணைத்தது) பன்னிரண்டில் ஒரு பங்கிலிருந்து தொடங்கலாம்.

இந்தப் பின்னங்களை வேதமாக்கிவிட வேண்டாம். உடனே சோதிக்க வையுங்கள். என் முதல் மாணவியின் கூடத்தையே எடுத்துக்கொள்வோம். இடைத்தூரம் 9 மீட்டர். பன்னிரண்டால் வகுத்தால் 75 செ.மீ. உத்திரங்கள் 4 மீட்டருக்கு ஒன்று. சதுர மீட்டருக்கு 10 என்றால் உத்திரத்தின் மீட்டர் நீளத்துக்கு 40 கிலோ நியூட்டன். இரு முனையிலும் வெறுமனே அமர்ந்திருக்கும் உத்திரத்தின் நடுவில் வரும் திருப்புத்திறன், மீட்டருக்கான சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தது. 40 × 81 ÷ 8 = 405 கிலோ நியூட்டன் மீட்டர்.

பொறியியல் மாணவருக்கு அடுத்து வருவது தகைவுப் பரவலும் (தகைவு என்றால் ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) சூத்திரங்களும். இங்கே அது வேண்டாம். உத்திரத்துக்குள் இரண்டு கைகள் இருப்பதாகச் சொல்லுங்கள்: மேலே ஒரு கை தள்ளுகிறது, கீழே ஒரு கை இழுக்கிறது. கைகளுக்கு நடுவில் உள்ள தூரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைந்த பலம் போதும். 75 செ.மீ. உத்திரத்தில் அந்தத் தூரம் சுமார் 0.6 மீட்டர். 405 ÷ 0.6 = 675 கிலோ நியூட்டன் இழுவிசை. கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 230 நியூட்டன் தாங்க அனுமதித்தால் 25 மி.மீ. கம்பிகள் ஆறு வேண்டும். ஆறு கம்பியை இரண்டு அடுக்காக வைக்க முடியும், ஊகம் தேறிவிட்டது.

இப்போது அவர் வரைந்த 30 செ.மீ. உத்திரம். கைகளுக்கு நடுவில் 0.22 மீட்டர்தான். இழுவிசை 1840 கிலோ நியூட்டன். கம்பி பதினாறுக்கு மேல். அவற்றை அடுக்க இடமில்லை. அடுக்கினாலும் நடுவில் தாங்க முடியாத அளவு தொய்யும். மாணவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கும்போது "ஆழம் வேண்டும்" என்பது ஆசிரியரின் பிடிவாதமாகத் தோன்றாது.

இதே வாரத்தில் இன்னொரு விகிதத்தையும் பதிய வைக்க வேண்டும்: அதே உத்திரம், அதே மீட்டர்ச் சுமை, நீளம் மட்டும் இரண்டு மடங்கு என்றால் திருப்புத்திறன் நான்கு மடங்கு, தொய்வு பதினாறு மடங்கு. "இந்தத் தூணை மட்டும் எடுத்துவிடலாமா சார்?" என்ற கேள்விக்கு இதுதான் விடை. எடுக்கலாம், பதினாறைச் சமாளிக்கத் தயார் என்றால்.

வடிவம் விசையைப் பின்தொடரட்டும்

வரையத் தெரிந்தவர்கள் இவர்கள். இந்தப் பகுதியில் உங்களைவிட வேகமாகப் போவார்கள், வழி விடுங்கள்.

சுவரில் தாள் ஒட்டி, இரண்டு ஆணியில் மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டு, அதன் கோட்டைப் பென்சிலால் எடுத்து, தாளைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். தொங்கும்போது இழுவிசை மட்டும். திருப்பினால் அமுக்கம் மட்டும் உள்ள வளைவு. ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் இந்த உண்மையை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட லத்தீன் புதிராக அச்சிட்டார். அவர் இறந்த பிறகுதான் விடை வெளியானது. ரோமின் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் விரிசல்கள் கண்டபோது, அதன் எடைகளுக்கு ஏற்ப மணிகளைக் கோத்த சங்கிலியைத் தொங்கவிட்டு, கோடு குவிமாடத்தின் தடிமனுக்குள் அடங்குகிறது என்று காட்டினார் இத்தாலிய அறிஞர் ஜொவானி பொலேனி. அவர் நூல் 1748இல் வந்தது. ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆன்டோனி கௌடி, கொலோனியா குவெல் தேவாலயத்துக்காக நூலிலும் ஈயக் குண்டுப் பைகளிலும் தொங்கும் மாதிரி ஒன்றைச் செய்யப் பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டார். கட்டி முடிந்தது அடித்தளக் கோயில் மட்டும்தான்.

சங்கிலியின் நடுவில் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டால் கோடு எப்படி முறிகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுமை மாறினால் வடிவம் மாறும். கல்லால் கட்டிய வளைவால் மாற முடியாது. அதனால்தான் அதற்குத் தடிமன்.

இங்கிருந்து பொறியாளர் ராபர்ட் மையார் வடிவமைத்து 1930இல் சுவிட்சர்லாந்தில் கட்டி முடிக்கப்பட்ட சல்ஜினாடோபெல் பாலத்துக்குப் போகலாம். 90 மீட்டர் இடைத்தூரம், மூன்று கீல். படத்தைக் காட்டி, "முனைகளிலும் நடுவிலும் மெலிந்து, இடையில் ஏன் பருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். கீல் உள்ள இடத்தில் திருப்புத்திறன் பூஜ்யம். பாலத்தின் ஒரு பாதியில் மட்டும் வண்டி நிற்கும்போது கால்பங்கு இடங்களில் அது உச்சம். ஆகவே அங்கே சதை. யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். அவர் சொல்லும் வரை நீங்கள் சொல்லாமல் இருப்பதுதான் கடினம்.

விசையைக் கோடுகளாக வரைந்தே கண்டுபிடிக்கும் வரைமுறை நிலையியலை கார்ல் குல்மான் சூரிச்சில் 1860களில் முறைப்படுத்தினார். பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் அது பழம்பொருளாகிவிட்டது. கட்டடக்கலை மாணவர்களுக்கு அதுதான் தாய்மொழி. ஒரு டிரஸ்சின் விசைகளை அளவுகோலும் மூலைமட்டமும் கொண்டு வரைந்து எடுத்தவர், எந்தச் சட்டம் சுமக்கிறது, எது சும்மா நிற்கிறது என்பதை மறப்பதில்லை.

பக்கவாட்டுச் சுமை

இதை மறப்பவர்கள் மிகுதி. நான்கு குச்சிகளைச் சதுரமாக ஆணியடித்துத் தள்ளினால் சாய்ந்து சப்பையாகும். நிறுத்த மூன்றே வழி: மூலைவிட்டம், நிரப்பிய சுவர், அல்லது அசையாத மூலைகள். மூன்றையும் செய்து பார்க்கட்டும். சிகாகோவின் ஜான் ஹான்காக் கோபுரத்தில் பொறியாளர் ஃபஸ்லூர் கான் மூலைவிட்டங்களைக் கட்டடத்தின் முகத்திலேயே பெருக்கல் குறிகளாக வைத்தார். 1969இல் முடிந்த அந்த நூறு மாடிக் கட்டடத்தின் படம் ஒன்று போதும்.

பிறகு மூடியில்லாத காலணிப் பெட்டியை முறுக்கிக் காட்டுங்கள். மூடியைப் போட்டு ஒட்டிவிட்டு முறுக்கச் சொல்லுங்கள். தளம் வெறும் தரை மட்டுமல்ல, சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும் மூடியும் அதுதான் என்று புரியும். தரைப்படத்தைச் சோதிக்க ஒரு விதி: பக்கவாட்டைத் தாங்கும் சுவர்கள் குறைந்தது மூன்று வேண்டும், எல்லாம் இணையாக இருக்கக் கூடாது, எல்லாம் ஒரே புள்ளியை நோக்கவும் கூடாது. படிக்கட்டையும் லிஃப்டையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு மீதியைக் கண்ணாடியாக்கும் ஆசை எல்லா மாணவருக்கும் வரும். அந்தக் கட்டடம் காற்றில் முறுக்கிக்கொள்ளும்.

ஒரு நட்டும் 114 உயிர்களும்

இணைப்பைப் பற்றி ஒரே ஒரு வகுப்பு எடுத்தாலும் போதும், அது இதுவாக இருக்கட்டும். அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹயாத் ரீஜன்சி ஹோட்டலின் கூடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் கூரையிலிருந்து தொங்கின. முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி மேல் பாலத்தைத் துளைத்துக் கீழ்ப் பாலம் வரை போனது. அவ்வளவு நீளத்துக்கு மரை போட வேண்டியிருக்கும் என்பதால் அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள்: ஒன்று கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு, மற்றொன்று மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு. 1981 ஜூலை 17 அன்று இரண்டும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

வகுப்பில் உயரத்திலிருந்து ஒரு கயிற்றைக் கட்டி, முதலில் இரண்டு மாணவர்கள் அதே கயிற்றை மேலும் கீழுமாகப் பிடித்து இழுக்கட்டும். அவரவர் கைப்பிடியில் அவரவர் இழுப்பு மட்டும்தான். பிறகு கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுக்கட்டும். மேலே இருப்பவரின் கைப்பிடியில் இப்போது இருவர் இழுப்பு. கூரையிலிருந்து வரும் கயிற்றுக்கு ஒன்றும் மாறவில்லை. பிடிக்கு எல்லாம் மாறிவிட்டது. இதற்குப் பிறகு ஒவ்வொரு மாணவரும் தன் வடிவமைப்பில் ஓர் இணைப்பை 1:5 அளவில் வரைந்து தர வேண்டும் என்று கேளுங்கள். முணுமுணுப்பு குறைவாகவே இருக்கும்.

மாதிரிப் போட்டிகள் பற்றி ஒரு புகார்

"குச்சிப் பாலம் எத்தனை கிலோ தாங்கும்" என்ற போட்டி எல்லா இடத்திலும் நடக்கிறது. நானும் நடத்தியிருக்கிறேன்; இரண்டு ஆண்டும் வென்றது பசைதான். உடைவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பிறகு விதியை மாற்றினேன். எடை ஏற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களை எழுதித் தர வேண்டும்: எத்தனை கிலோவில் உடையும், எந்த இடத்தில் உடையும். மதிப்பெண் அந்த ஊகம் எவ்வளவு நெருங்கியது என்பதற்கு மட்டும். முதல் ஆண்டு 3 கிலோ மட்டுமே தாங்கிய ஒரு பாலம் வென்றது. அதைச் செய்தவர் 3 என்று எழுதி, உடையும் சட்டத்தைச் சிவப்பில் வரைந்திருந்தார்.

மாதிரி ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 1:50 அளவில் உறுதியாக நிற்பது முழு அளவிலும் நிற்கும் என்று பொருளல்ல. அளவு 50 மடங்கானால் எடை 50இன் மும்மடியாகும், தாங்கும் பரப்பு வர்க்கமாகத்தான் கூடும். சொந்த எடையால் வரும் தகைவு 50 மடங்கு. இதையும் 1638இலேயே எழுதிவைத்தவர் அதே கலிலியோதான்.

ஸ்டூடியோவுக்குப் போங்கள், கணினியைத் தாமதமாகத் திறங்கள்

உங்கள் வகுப்பறையில் நடப்பதைவிட மாணவர்கள் வடிவமைப்பு வரையும் ஸ்டூடியோவில், அவர்கள் மேசையருகே நடப்பதுதான் நிலைக்கும். இறுதி மதிப்பீட்டு நாளில் போய் "இது நிற்காது" என்று சொல்வதில் பயனில்லை. அது அவமானமாக மட்டுமே பதியும். இரண்டாவது வாரத்தில், கோடுகள் இன்னும் கலங்கலாக இருக்கும்போது போங்கள். "நிற்காது" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். ஏறத்தாழ எதையும் நிற்க வைக்கலாம், "நிற்க வைத்தால் இந்த உத்திரம் ஒன்றரை மீட்டர் ஆழம் வரும், அது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேளுங்கள். முடிவு அவருடையது. வடிவமைப்பு ஆசிரியரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் எதிரில் நீங்கள் இருவரும் மோதிக்கொண்டால் அவர் இருவரையும் கேட்கமாட்டார்.

மென்பொருள் பருவத்தின் கடைசி மாதத்துக்கு. சிவப்பும் நீலமுமாக வரும் படம் எந்த உள்ளீட்டுக்கும் அழகாகவே வரும். ஓட்டுவதற்கு முன் தூண்களின் அடியில் என்ன எண்கள் வரும் என்று கையால் எழுதட்டும்; ஓட்டிய பிறகு எல்லா எதிர்விசைகளையும் கூட்டி மொத்தச் சுமையோடு ஒப்பிடட்டும். பொருந்தவில்லை என்றால் தவறு எங்கே என்று தேடும் அந்த அரைமணி நேரத்தில் கற்பதை எந்த விரிவுரையும் தராது.

தேர்வுத்தாள்

சூத்திரத்தில் எண்ணைப் போடும் கேள்விகளைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். சுமையேற்றிய சட்டகத்தைக் கொடுத்து, அது வளையும் வடிவத்தை மிகைப்படுத்தி வரையச் சொல்லலாம். எங்கே இழுபடுகிறது என்று சிவப்பால் குறிக்கச் சொல்லலாம். ஊகக் கேள்விகளுக்கு ஒற்றை விடை வைக்காமல் வரம்பு வையுங்கள். விடை அதற்குள் விழுந்தால் முழு மதிப்பெண்.

கடைசிக் கேள்வியை நான் எந்த ஆண்டும் மாற்றுவதில்லை. உத்திரங்கள் வெளியே தெரியும் அறையாகப் பார்த்துத் தேர்வு நடத்துவேன். "தலைக்கு மேல் உள்ள உத்திரத்தின் இடைத்தூரத்தைத் தரையில் அடிவைத்து அளந்து, ஆழத்தை ஊகித்து, காரணத்தோடு எழுதுக." மூன்று மணி நேரம் முடிந்து தாள்களைக் கட்டியதும் யாரும் வெளியே போவதில்லை. ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளவுநாடாவோடு ஏறுவார். கீழே நாற்பது பேர் அண்ணாந்து நிற்பார்கள்.